தெரியாது மிஸ்

மாடிச்சோறு பள்ளிக்கூடம் என்று கேட்டால்தான் எங்கள் ஊரில் வழி சொல்வார்கள். மாண்டிசோரி என்று வாயைச் சுழற்றிக் கேட்டவர்களை, "அப்படி இங்க ஒண்ணும் இல்லீங்க, மரக்காணத்துல போயி கேளுங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறோம். மாடியும் கிடையாது ஒன்றும் கிடையாது. தகரக் கூரை போட்ட ஒற்றைக் கூடம். சோறு மட்டும் மத்தியானம் உண்டு. சுனாமி வந்து போன பிறகு கடலோரக் குப்பங்களில் வந்து இறங்கிய டிரஸ்ட்டுகளில் ஒன்று, ரோட்டுக்கு மேற்கே உப்பளக் கூலிகளின் பிள்ளைகளும் இருக்கிறார்களே என்று மனசு வந்து கட்டியது. 2005 ஜூன் மாதம் திறந்தார்கள். நேர் எதிரே பூவரச மரத்தடியில் என் சைக்கிள் கடை. என் பெயர் புருஷோத்தமன், ஊருக்கு நான் புருசு. பஞ்சர் ஒட்டுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் அந்தக் கூடத்தை வேடிக்கை பார்ப்பேன். மீதி நேரம்தான் ஜாஸ்தி என்பாள் என் பெண்டாட்டி.

முதல் வாரம் பார்த்தபோது, இந்த டீச்சருக்குப் பாடம் நடத்தவே தெரியாது போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். போர்டு இல்லை, பெஞ்சு இல்லை, பிரம்பு இல்லை. பிள்ளைகள் உள்ளே போனதும் ஆளுக்கொரு சின்னப் பாயை விரித்துக்கொள்ளும். அலமாரியில் இருந்து ஒரு தட்டை எடுத்து வந்து பாயில் வைத்துக்கொள்ளும். ஒன்று ஜக்கில் இருந்து ஜக்குக்குத் தண்ணீர் ஊற்றும். ஒன்று பித்தானை மாட்டி மாட்டிக் கழற்றும். மூன்று வயசுப் பொடிசும் எட்டு வயசுப் பிள்ளையும் ஒரே கூடத்தில். ஒருத்தர் பாயை ஒருத்தர் மிதிக்கக் கூடாது, ஒருத்தர் எடுத்த வேலையை இன்னொருத்தர் பிடுங்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். டீச்சர் லூர்துமேரி பொம்மையார்பாளையத்தில் இருந்து பஸ்ஸில் வருவாள். வந்து ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பிள்ளைகளுக்கு அவள் மேரியக்கா.

"இதுக்கு எதுக்கும்மா சம்பளம்? நானே வந்து உக்காந்துக்குவேனே" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சும்மா உக்காந்திருக்கறதுதாண்ணே கஷ்டம். நீங்க ஒரு அரை மணி நேரம் வாயத் தொறக்காம உக்காந்து காட்டுங்க, பாப்போம்" என்றாள். என் பெண்டாட்டி இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் சிரித்தாள்.

என் வீட்டுக்கும் பஞ்சநாதன் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான். அவனும் நானும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். அவனும் அவன் பெண்டாட்டி அம்சவல்லியும் அளத்தில் கூலி. அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் இந்தக் கூடத்தில்தான் இருந்தார்கள். பெரியவன் தேவநாதன், ஏழு முடிந்து எட்டு நடக்கிறது. சின்னவள் செந்தமிழுக்கு ஆறு ஆகவில்லை. தேவா அதற்கு முன்னால் கவர்மெண்டு பள்ளிக்கூடத்தில் ஒண்ணாங்கிளாஸையே இரண்டு வருஷம் படித்தவன். ஒரு எழுத்து ஏறவில்லை. தெருப் பிள்ளைகள் மண்டு என்று கூப்பிடும். அதை ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்துக்கொண்டு இவனும் சிரித்த முகமாய்த் திரும்பிப் பார்ப்பான். எந்தப் பிள்ளை அழுதாலும் தன் சட்டையால் மூக்கைத் துடைத்துவிடுவான். அப்படி ஒரு பிள்ளை.

கூடத்தில் அவனை யாரும் அவசரப்படுத்தவில்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான், சிந்தாமல் ஊற்ற வரும் வரைக்கும். பிறகு எழுத்துக்கு வந்தான். உப்புத்தாளை எழுத்து எழுத்தாக வெட்டி அட்டையில் ஒட்டியிருப்பார்கள். ஆசாரி மரம் தேய்க்க வைத்திருப்பானே, அதே உப்புத்தாள்தான். எழுத்தின் மேலே விரலை ஓட்டிக்கொண்டே அதன் சத்தத்தைச் சொல்ல வேண்டும். 'ப'வைத் தடவித் தடவியே தேவா அந்த மழைக்காலம் முழுவதையும் கழித்தான். பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால், மத்தியானச் சோற்றுக் கையோடு என் கடைக்கு ஓடி வந்தான்.

"மாமா, ஒன் போர்டுல என் எழுத்து இருக்குது!"

'இங்கு காற்று அடிக்கப்படும்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அதில் இருந்த 'ப'வை விரலால் தடவினான். "ரெண்டு இருக்குது மாமா. ஒண்ணுக்கு மேல புள்ளி." எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. அந்தப் போர்டை நானே அதுவரை அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

தங்கச்சி தமிழ் வேறு மாதிரி. அண்ணன் ஒரு எழுத்தோடு உட்கார்ந்திருந்த நேரத்தில் அவள் எல்லா எழுத்தையும் முடித்து, வார்த்தை கோத்து, சின்னக் கதைப் புத்தகமே படிக்க ஆரம்பித்துவிட்டாள். ஆனால் அவள் பாய் அந்த ஓரம், இவன் பாய் இந்த ஓரம். சாயந்திரம் இரண்டும் கையைக் கோத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

"சின்னது அண்ணனத் தாண்டிடுச்சு போலிருக்கே?" என்று லூர்துமேரியிடம் கேட்டேன்.

அவள் சட்டென்று கூடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சத்தமா சொல்லாதீங்கண்ணே. அது அவங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. அவன் அவன் வேகத்துல வர்றான். வந்துடுவான். அது வரைக்கும் தெரியாமயே இருக்கட்டும்."

மாசி, பங்குனியில் வெயில் ஏறியது. உப்புக்கு வெயில் வேண்டும், உப்பு வாருகிறவனுக்கு அது எமன். பஞ்சநாதனும் அம்சவல்லியும் கோழி கூவுவதற்கு முன்னாலேயே போய்விடுவார்கள். பாத்தியில் இறங்கி, கட்டியிருக்கிற உப்பைப் பலகையால் உடைத்து வாரி ஓரத்தில் ஒதுக்க வேண்டும். தண்ணீர் வடிந்ததும் பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து வரப்பில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். பொழுது ஏறிவிட்டால் கண்ணைத் திறக்க முடியாது, கீழேயும் வெள்ளை, மேலேயும் வெள்ளை. காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், உப்பு அதைப் பிடித்துக்கொண்டு விடாது. வீட்டுக்கு வந்ததும் முதலில் தேங்காயெண்ணெயைத் தேடுவார்கள், அப்புறம்தான் சோறு.

அப்படி ஒரு சாயந்திரம். வாசலில் உட்கார்ந்து பஞ்சநாதன் கேவுரு கூழ் குடித்துக்கொண்டிருந்தான். அம்சவல்லி அடுப்புத் தணலில் கருவாடு சுட்டுக்கொண்டிருந்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம். தமிழைப் பார்த்து அவன் கேட்டான்.

"இன்னிக்கி இன்னாடி பண்ணீங்க?"

"வேல செஞ்சோம்பா."

"இன்னா வேல?"

"நானு தண்ணி வேல. அண்ணன் உப்பு வேல."

பஞ்சநாதன் சொம்பைக் கீழே வைத்தான். "இன்னா வேல?"

"உப்பு வேலப்பா. கையால தேய்க்கணும். அண்ணன் டெய்லி அதான் செய்றான். நல்லா வேல செய்றான்னு மேரியக்கா சொன்னாங்க. அப்புறம் டேபிள் கழுவுற வேல இருக்குது. பெருக்குற வேல இருக்குது. துணி தொவைக்கிற வேலயும் இருக்குதுப்பா, எனக்குத்தான் இன்னும் குடுக்கல" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

அந்தக் கூடத்தில் எழுத்துக்கும் வேலை என்றுதான் பெயர், கணக்குக்கும் வேலை என்றுதான் பெயர். உப்புத்தாள் வேலை என்பது பிள்ளைகள் வாயில் தேய்ந்து உப்பு வேலை ஆகிவிட்டது. வேறு ஊர் அப்பனாக இருந்தால் என்னவென்று கேட்டுச் சிரித்திருப்பான். இவன் விடிவதற்கு முன்னால் உப்புத் தண்ணீரில் இறங்குகிறவன். உப்பு, தண்ணீர், வேலை என்ற மூன்று வார்த்தையும் மகள் வாயில் இருந்து வந்ததும் அவன் முகம் செத்துவிட்டது.

அதற்கு மேலேயும் ஒன்று இருந்தது. நாங்கள் படித்த காலத்தில் எங்கள் வாத்தியார் வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கிறது பஞ்சநாதன்தான். வாட்டசாட்டமாக இருப்பான். மணி அடித்ததும் குடத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார். நாங்கள் வாய்ப்பாடு ஒப்பிப்போம், அவன் ஜன்னலுக்கு வெளியே குடத்தோடு போய்க்கொண்டிருப்பான். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபோது இடுப்பில் ஒன்று தோளில் ஒன்றாக இரண்டு குடம் தூக்கத் தெரியும். கையெழுத்துப் போடத் தெரியாது.

மறுநாள் அவன் அளத்துக்குப் போகவில்லை. நேராகக் கூடத்துக்குள் போனான். அவன் நேரமோ, பிள்ளை நேரமோ, தேவா அன்றைக்குப் பார்த்து மேசை கழுவிக்கொண்டிருந்தான். முட்டி போட்டு, சோப்பு நுரையில் பிரஷ்ஷைத் தோய்த்து, ஓரத்தில் இருந்து நடுவுக்கு வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். அப்பனைப் பார்த்ததும், "அப்பா, நானே கழுவுறேம்பா!" என்று நுரைக் கையைக் காட்டினான்.

பஞ்சநாதன் இரண்டு பிள்ளைகளையும் ஆளுக்கொரு கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். தேவா கையில் இருந்த பிரஷ் என் கடை வாசலில்தான் விழுந்தது.

அன்று சாயந்திரம் லூர்துமேரி பஸ்ஸை விட்டுவிட்டு அவன் வீட்டுக்கு வந்தாள். பையில் இருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள்.

"இதாண்ணே உப்பு வேல. தொட்டுப் பாருங்க. உப்புத்தாளு. எழுத்துண்ணே இது."

அவன் அட்டையை வாங்கி விரலால் தடவிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். புரிந்துவிட்டது அவனுக்கு. மடையன், அப்போதாவது விட்டுத் தொலைத்திருக்கலாம்.

"சரி, உப்புத்தாளோ உப்போ. எம்புள்ள முட்டி போட்டு டேபிள் கழுவுனான். அத நான் கண்ணால பாத்தேன்."

"எல்லாப் பசங்களும் கழுவுறாங்கண்ணே. கை பழகணும், கவனம் நிக்கணும், அதுக்குத்தான். மெட்ராஸ்ல பெரிய பெரிய வூட்டுப் பசங்ககூட இந்த மாதிரி ஸ்கூல்ல கழுவுறாங்க."

"டாக்டரு புள்ள டேபிள் கழுவுனா அது பாடம், டீச்சரம்மா. எம்புள்ள கழுவுனா அது வேல. எங்களுக்கு வேல கத்துக்குடுக்க யாரும் வர வேணாம். அது எங்க ரத்தத்துலயே இருக்குது."

லூர்துமேரி அட்டையைத் திருப்பி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

அம்சவல்லிதான் பேசினாள். "யோவ், அவன் சிரிக்கிறான்யா. கவர்மெண்டு பள்ளிக்கூடம் போனப்ப எந்திரிச்சதும் வவுத்து வலின்னு சுருண்டு படுத்துக்குவான். இங்க போனதுலேர்ந்து ஒரு நாளு சொன்னானா? நேத்து சுவுத்துல கரியால 'படம்'னு எழுதி வச்சிருக்கான். போயி பாரு."

"சிரிக்கிறதுக்கா பள்ளிக்கூடம்? சிரிச்சிக்கினே அளத்துக்கு வந்துடுவான். மரக்காணத்துல இங்கிலீஷ் ஸ்கூல் இருக்குது. டை கட்டி, ஷூ போட்டு, பெஞ்சுல உக்காந்து படிக்கட்டும். எந்தலைய அடமானம் வச்சாவது நான் படிக்க வெக்கிறேன்."

லூர்துமேரி எழுந்துகொண்டாள். "சரிண்ணே. உங்க பசங்க, உங்க இஷ்டம். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். ரெண்டு பேரையும் ஒரே கிளாஸ்ல மட்டும் போட்டுடாதீங்க. யாரு முன்னாடி, யாரு பின்னாடின்னு அவங்களுக்கு இதுவரைக்கும் தெரியாது."

"தெரியட்டுமே. தெரிஞ்சாத்தான் ரோசம் வரும்" என்றான் பஞ்சநாதன்.

ஜூன் மாதம் இரண்டு பேரையும் இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்த்தான். பெண்ணை ஒண்ணாங்கிளாஸில் எடுத்துக்கொண்டார்கள். பையன் வயசுக்கு மூணாவது. ஆனால் படிக்கச் சொன்னபோது ஒரு வார்த்தைக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதால் அவனையும் அதே ஒண்ணாங்கிளாஸில் உட்காரவைத்துவிட்டார்கள். பஞ்சநாதனுக்கு அது சௌகரியமாகத்தான் பட்டது. இரண்டு பேரும் ஒன்றாய்ப் போய் ஒன்றாய் வருவார்கள் அல்லவா. டையும் ஷூவுமாக ஆட்டோவுக்கு நின்றபோது இரண்டும் அழகாகத்தான் இருந்தன, பொய் சொல்லக் கூடாது. பஞ்சநாதன் அவர்களைப் பார்க்கிறதற்காகவே அளத்தில் இருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, ஆட்டோ போனதும் திரும்பிப் போவான். கால் முழுக்க உப்பு காய்ந்து வெள்ளையாக இருக்கும்.

முதல் மாதம் தமிழ் தினம் ஒரு ஸ்டாரோடு வந்தாள். மணிக்கட்டில் பேனாவால் போட்டுவிடுவார்களாம். தேவாவுக்குக் காலையில் வயிற்று வலி வர ஆரம்பித்தது. அம்சவல்லி ஓமத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைப்பாள். ஆடி மாதத்தில் தமிழின் ஸ்டாரும் நின்றுவிட்டது. "ஏண்டி போடல?" என்று கேட்டால் தோளைக் குலுக்குவாள். சாயந்திரம் ஆட்டோவில் இருந்து இறங்கும்போது அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள். அது மட்டும் மாறவில்லை.

செப்டம்பரில் பரீட்சை முடிந்ததும் ஸ்கூலில் இருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். "எழுத்து கிழுத்து காட்டுவாங்க, நீயும் வா புருசு" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனான். கிளாஸ் டீச்சர் விஜயலட்சுமி, நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். தமிழின் தாளை எடுத்து எங்கள் முன்னால் வைத்தாள். பெயர்கூட எழுதவில்லை. வெள்ளைத்தாள்.

"ஜூன்ல எவ்ளோ ஷார்ப்பா இருந்தா தெரியுங்களா? இப்ப எதக் கேட்டாலும் எழுந்து நின்னு, 'தெரியாது மிஸ்'. ஏ ஃபார் என்னான்னு கேட்டாக்கூட 'தெரியாது மிஸ்'. அவங்க அண்ணன் சகவாசம்தான் சார். அவனப் பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்ல, அவன் அவ்ளோதான். பொண்ணையாவது வூட்ல கொஞ்சம் கண்டிச்சி வைங்க."

வீட்டுக்கு வந்ததும் பஞ்சநாதன் வேலியில் ஒரு குச்சியை ஒடித்தான். காலண்டரை ஆணியோடு பிடுங்கி வந்து தமிழ் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இது இன்னா எழுத்து, சொல்லு."

அவள் காலண்டரைப் பார்த்தாள். அப்பன் முகத்தைப் பார்த்தாள். "தெரியாதுப்பா."

ஒரு அடி. காலில் விழுந்தது.

"இது?"

"தெரியாதுப்பா."

இன்னொன்று. அம்சவல்லி அடுப்படியில் இருந்து ஓடி வந்தாள். நான் வேலியைத் தாண்டிக் குதித்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் தேவா வந்து குச்சியைப் பிடித்துக்கொண்டான். குரலை உயர்த்தியே பேசாத பிள்ளை, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான்.

"அடிக்காதப்பா! அவளுக்குத் தெரியும்! எல்லாம் தெரியும்!"

"தெரிஞ்சா ஏண்டா சொல்லல?"

"சொன்னா குட்டணும்பா."

"யாரு யாரக் குட்டணும்?"

அப்போதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. மூச்சு வாங்க வாங்கச் சொன்னான். "மிஸ் கேள்வி கேப்பாங்க. தெரியாதவங்க நிக்கணும். தெரிஞ்சவங்க பதில் சொல்லிட்டு வந்து, நிக்கிறவங்க தலையில குட்டணும். நான் நின்னேன். இவ பதில் சொன்னா. 'போயி உங்கண்ணனக் குட்டு'ன்னாங்க. இவளுக்கு என் தல எட்டலப்பா. அதுக்கு மிஸ்ஸு என்ன முட்டி போடச் சொன்னாங்க, இவளுக்கு எட்டணும்னு."

தேவா தங்கச்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இவ குட்டுனா. எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாள்லேர்ந்து எதக் கேட்டாலும் தெரியாது மிஸ்னு சொல்ல ஆரம்பிச்சிட்டா."

"அப்ப இவளையும் குட்டுவாங்களேடா!" என்றாள் அம்சவல்லி.

"ஆமாம்மா. எல்லாரும் வந்து குட்டுவாங்க. நாங்க ரெண்டு பேரும் நிப்போம்."

அம்சவல்லி மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, தலைமுடியை விலக்கி விலக்கிப் பார்த்தாள். எங்கேயாவது வீங்கியிருக்கிறதா என்று தடவினாள். பிறகு புருஷனைப் பார்த்து ஒரே ஒரு தடவை, "ரோசம் வந்துச்சாய்யா?" என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். கேட்காமல் இருக்கவும் முடிந்திருக்காது.

பஞ்சநாதன் குச்சியைப் போட்டுவிட்டு என்னிடம் வந்தான். "ஏம்பா புருசு, மேரியம்மா நாளைக்கி வருவாங்களா? அவங்க கால்ல விழுந்தாவது திரும்பச் சேத்துடறேன்."

அளத்துக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தவன், என் கடைக்கு எதிரே இருக்கிற கூடத்தைத் திரும்பியே பார்த்திருக்கவில்லை. அந்தப் பேச்சை எடுக்க எனக்கும் மனசு வரவில்லை. டிரஸ்ட்டுக்கு சுனாமிப் பணம் நின்றுபோய், ஜூலையிலேயே பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அலமாரி, பாய், அட்டை எல்லாம் வேனில் ஏறிப் போனதை நான் பார்த்தேன். இப்போது யாரோ உள்ளே சிமெண்டு மூட்டை அடுக்கியிருந்தார்கள். நான் சொல்லியும் நம்பாமல் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தான். மறுநாள் இரண்டு பேரும் பொம்மையார்பாளையம் போய் விசாரித்தோம். லூர்துமேரி பெங்களூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதாக அவள் அண்ணன் சொன்னார். "வாரா வாரம் போன் பண்ணும்போது உப்பளத்துப் பசங்கள பத்தித்தான் பேசுது" என்றார். பஞ்சநாதன் அவர் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

திரும்பும்போது மரக்காணத்தில் இறங்கி ஸ்கூலுக்குப் போனோம். இரண்டு பேரையும் வேறு வேறு கிளாஸில் போடுங்கள் என்று கையைக் கூப்பிக்கொண்டு கேட்டான். ஒண்ணாங்கிளாஸில் ஒரே பிரிவுதான் என்றார்கள். வேண்டுமானால் பையனை யூகேஜியில் போடுகிறோம் என்றார்கள். எட்டு வயசுப் பிள்ளையை நாலஞ்சு வயசுப் பிள்ளைகளோடு. கூடத்தில் மூன்று வயசோடு உட்கார்ந்திருந்தவன்தான், ஆனால் அங்கே அதற்கு யூகேஜி என்று பெயர் இல்லை.

இதையெல்லாம் அவன் அம்சவல்லியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது தேவா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். வெளியே வந்து அப்பன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் அளத்துக்கு வர்றேம்பா."

"வாய மூடுடா."

"நான் அங்க இல்லன்னா இவ சொல்லுவாப்பா. மத்தவங்களக் குட்டறதுக்கு இவளுக்கு ஒண்ணும் இல்ல. நல்லாவே குட்டுவா. நான் நிக்கறதாலதான் சொல்ல மாட்டேங்குறா." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "எனக்கு மெதுவாத்தாம்பா வருது. இவளுக்கு வேகமா வருது. இப்பத்தான் எனக்கே தெரிஞ்சிச்சு."

நான் சொல்லிப் பார்த்தேன். கவர்மெண்டு பள்ளிக்கூடத்திலாவது திரும்பப் போடுடா என்றேன். அந்தப் பெயரைக் கேட்டதுமே தேவா வயிற்றைப் பிடித்துக்கொண்டான். இவனையும் வீட்டில் வைத்துக்கொண்டு, பெண்ணையும் நிறுத்திவிடலாம் என்றாள் அம்சவல்லி. அதற்குத் தேவா ஒத்துக்கொள்ளவில்லை. அவள் படிக்கணும், அவளுக்குத் தெரியும் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். மழை பிடிக்கிற வரைக்கும் வரட்டும், அதற்குள் ஏதாவது வழி பார்க்கலாம் என்றான் பஞ்சநாதன். ஏழை வீட்டில் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வார்கள். உப்பு வேலை கற்றுக்கொடுக்கிறார்கள் என்று யாருடன் சண்டை போட்டானோ, அந்த மனுஷன்தான் விடிவதற்கு முன்னால் பிள்ளையைக் கேரியரில் உட்காரவைத்து அளத்துக்கு மிதித்துக்கொண்டு போனான். அவனைத் திட்டவும் முடியவில்லை.

அன்று சாயந்திரம் நான் அவர்கள் வீட்டு வாசலில்தான் இருந்தேன். அம்சவல்லி தேவாவின் காலை மடியில் வைத்துத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். முதல் நாள் கால், விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது. பஞ்சநாதன் படியில் உட்கார்ந்திருந்தான். ஆட்டோவில் இருந்து தமிழ் ஒண்டியாக இறங்கி வந்தாள்.

"சொன்னியா?" என்றான் தேவா.

தலையை ஆட்டினாள்.

"எல்லாம் சொன்னியா?"

"எல்லாம்." மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். ஸ்டார் இருந்தது.

"பாத்தியாப்பா? நான் சொன்னேன்ல?" என்று தேவாவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. பஞ்சநாதன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு வாய்விட்டு அழுதான். அவன் அப்பன் செத்தபோதுகூட நான் அவன் அழுது பார்த்ததில்லை.

தமிழ் பையைக்கூட இறக்கவில்லை. அண்ணன் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்துகொண்டு அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கி வந்துடுண்ணா" என்றாள். "நான் குட்ட மாட்டேன். மிஸ்ஸு சொன்னாலும் குட்ட மாட்டேன்."

"அது வலிக்கவே இல்ல தமிழு" என்றான் தேவா. "நீ மெதுவாத்தான் குட்டினே."